ட்ரில் மெஷின்ல ஃபயர் ஹோஸ் சுத்துறப்ப மக்கர் பண்ணுதா? கோளாறைப் பாத்து சரி பண்ற வழி

ட்ரில்னு சொன்னாலே ஃபயர் வேலையில இருக்கிறவங்களுக்கு மொதல்ல விசில் சத்தமும் காலையில ஓட விடுறதும்தான் ஞாபகம் வரும், அதனால சுவத்துல ஓட்டை போடுற ட்ரில்ல இதுல முழுசும் மெஷின்னே சொல்றேன், குழப்பம் வேணாம். பயிற்சி முடிஞ்சதும் இருபது முப்பது ஹோஸ் தரையில பாம்பு பாம்பா கெடக்கும், எல்லாத்தையும் குனிஞ்சு கையாலயே சுருட்டுனா கடைசி ஹோஸுக்கு வர்றப்ப இடுப்பு நம்ம பேச்சைக் கேக்காது. அதுக்குத்தான் இந்த மெஷின் வேலை. மெஷின் முனையில ரெண்டு கம்பி வச்ச ஒரு கவை மாட்டி, ஹோஸை அதுல கோத்து ட்ரிக்கரை அமுக்குனா சுருண்டுரும். கேக்குறதுக்கு சுலபம். ஆனா மொத நாள் செஞ்சு பாத்தவங்கள்ல பாதிப்பேர் "இது சரிப்பட்டு வராதுப்பா"ன்னு மெஷினைத் தூக்கி ஓரமா வச்சிடுறாங்க, நானும் அப்படி ரெண்டு மாசம் ஓரமா வச்சவன்தான். அப்புறம் ஒவ்வொரு கோளாறா உக்காந்து பாத்ததுல தெரிஞ்சது, முக்காவாசித் தப்பு மெஷின்ல இல்ல, ட்ரிக்கரை அமுக்குறதுக்கு முன்னாடி ஹோஸ் தரையில எப்படிக் கெடக்குதுங்கிறதுல இருக்கு.

நான் எந்த செட்டப்பை வச்சு பேசுறேன்னு சொல்லிடறேன், இல்லைன்னா அளவெல்லாம் பொருந்தாது. 15 மீட்டர் ஹோஸ், உள்விட்டம் 45 மில்லி இல்லைன்னா 63 மில்லி (மில்லின்னு சொல்றதெல்லாம் மில்லிமீட்டர்). 18 வோல்ட் பேட்டரி மெஷின், 13 மில்லி சக் (தண்டைக் கவ்விப் பிடிக்கிற மெஷின் வாய்), சைடு ஹேண்டில் மாட்டுனது. கவை வந்து 12 மில்லி கம்பி ரெண்டு, நடுவுல 20 மில்லி இடைவெளி, பின்னாடி ஆறுபட்டை தண்டு. கம்பியோட நீளம் ஹோஸ் தட்டையா படுத்தா வர்ற அகலத்தை விட கொஞ்சம் கூட இருக்கணும், 45 மில்லி ஹோஸ் படுத்தா 7 சென்டிமீட்டர் சொச்சம், 63 மில்லி ஹோஸ் படுத்தா 10 சென்டிமீட்டர், அதனால 12 சென்டிமீட்டர் கம்பி வச்சா ரெண்டுக்கும் ஆகும். சுத்துற முறை டபுள் ரோல், அதாவது ஹோஸை ரெண்டா மடிச்சு மடிப்புல இருந்து சுருட்டுறது, ரெண்டு கப்ளிங்கும், அதாவது ஹோஸ் முனையில இருக்கிற உலோக இணைப்பு, வெளியில வந்து நிக்கும். ஒத்தைச் சுருளுக்கு கப்ளிங்கை நடுவுல வச்சு ஆரம்பிக்கணும், அது கவைக்குள்ள போகாது, போனாலும் ஒரு பக்கம் கனம் ஏறி தடதடன்னு ஆடும், அதைக் கையாலயே சுருட்டிக்கிறது மேல்.

இன்னொண்ணு, கரண்ட் வயர் போட்ட மெஷினை இதுக்கு எடுக்கவே எடுக்காதீங்க, ஈரத் தரை ஈர ஹோஸ் ஈரக் கை, இதுல கரண்ட் எதுக்கு. இம்பாக்ட் ட்ரைவரும் வேணாம். அளவுக்கு மேல இழுவை வந்தா வழுக்கி விடுற கிளட்ச் அதுல கெடையாது, இழுவை கூடுனா டடடடன்னு அடிக்க ஆரம்பிச்சிடும், அதோட கால் இஞ்ச் தண்டுக்கு இந்த வேலை தாங்காது.

மெஷின் முக்குது, சூடாகுது, ஹோஸ் நகரவே மாட்டேங்குது

இதுதான் எல்லாருக்கும் மொதல்ல வர்றது, பேட்டரி வீக்குன்னு நெனச்சு ஆளாளுக்கு பேட்டரி மாத்திப் பாப்பாங்க. மொதல்ல மெஷின் மேல இருக்கிற கியர் ஸ்விட்ச்சப் பாருங்க, 2ல இருந்தா 1க்குத் தள்ளுங்க. 2ம் கியர் ஓட்டை போடுறதுக்கு, அதுல வேகம் இருக்கும் இழுவை இருக்காது, ஹோஸுக்கு எப்பவுமே 1தான். சுத்தியல் படம் போட்ட மோடுல இருந்தா அதையும் மாத்துங்க.

கியர் சரியா இருந்தும் முக்குதுன்னா ஹோஸுக்குள்ள தண்ணி இருக்கு. இதைப் பலபேர் லேசா எடுத்துக்கிறாங்க, ஒரு கணக்கு சொல்றேன் பாருங்க, 63 மில்லி ஹோஸ் 15 மீட்டர் முழுசா நிறைஞ்சா சுமார் 47 லிட்டர் பிடிக்கும், 45 மில்லின்னா 24 லிட்டர். பம்பை நிறுத்தி கப்ளிங்கைக் கழட்டுனதும் நிறையத் தண்ணி போயிடும்தான், ஆனா பத்துல ஒரு பங்கு உள்ள நின்னாக்கூட 63ல நாலரை கிலோ கூடுதல் கனம், அதை தரையில இழுக்கவும் செய்யணும் சுருட்டவும் செய்யணும். அதனால ஹோஸோட ஒரு முனையில ஆரம்பிச்சு தோள் மேல தூக்கிப் போட்டுக்கிட்டு மெதுவா மறுமுனை வரைக்கும் நடங்க, தண்ணி முன்னாடி ஓடி மறுபக்கம் கொட்டும். ஒரு தடவை நடந்தா போதும்னு தோணும், ரெண்டாவது தடவையும் நடங்க, அப்பவும் தண்ணி வர்றதைப் பாத்து நீங்களே ஆச்சரியப்படுவீங்க.

இதுலயே ஒரு தனி ரகம் இருக்கு, சுத்த ஆரம்பிச்சதும் நல்லா போகும், பாதிக்கு மேல போனா சுருளுக்கு முன்னாடி ஹோஸ் பலூன் மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும், மெஷின் அதுக்கு மேல ஒரு சுத்து போகாது. அப்படின்னா ஏதோ ஒரு முனை மூடியிருக்குன்னு அர்த்தம், யாரோ பிராஞ்சை (தண்ணி பீச்சுற முனைக்குழாய்) கழட்டாம வால்வை மட்டும் மூடி வச்சிருப்பாங்க, இல்ல கப்ளிங்ல மூடி போட்டிருப்பாங்க. சுருள் இறுக இறுக மிச்சத் தண்ணியையும் காத்தையும் முனைப் பக்கமா பிதுக்கிக்கிட்டே போகும், ரெண்டு முனையும் தொறந்து இருக்கணும். தரை சரிவா இருந்தா கப்ளிங் ரெண்டும் பள்ளத்துப் பக்கம், மடிப்பு மேட்டுப் பக்கம். இந்த ஒண்ணை மாத்துனதுல எங்க குழுவுல பாதி முனகல் நின்னு போச்சு.

தண்ணியும் இல்ல, கியரும் சரி, அப்பவும் முக்குதுன்னா ஹோஸ் எங்கயாவது சிக்கியிருக்கும், கப்ளிங் கல்லு இடுக்குல மாட்டியிருக்கும், வண்டி டயருக்கு அடியில கெடக்கும். சிரிக்காதீங்க, டயருக்கு அடியில ஹோஸை வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் மெஷினைத் திட்டுன ஆளு நான்.

கவை மட்டும் சுத்துது, ஹோஸ் அப்படியே இருக்கு

கோத்த விதம் தப்பு. ரெண்டு கம்பிக்கும் நடுவுல மடிப்பை சும்மா செருகிட்டு ட்ரிக்கரை அமுக்குனா ஈர ஹோஸ் வழுக்கிக்கிட்டு வெளிய வந்துரும். ஒரு கம்பி மடிப்போட வளையத்துக்குள்ள போகணும், இன்னொரு கம்பி வளையத்துக்கு வெளியில ஹோஸ் மேல படணும், அப்படிக் கோத்தா வழுக்குறதுக்கு வழியே இல்ல, வளையம் கம்பியைப் பிடிச்சுக்கும். மொத ஒரு சுத்து மெஷினால வேணாம், கவையைக் கையால திருப்பி ஹோஸ் தன் மேலயே ஒரு தடவை ஏறுனதும் அப்புறம் ட்ரிக்கர். கம்பி இடைவெளி 40 மில்லி மாதிரி அகலமா இருந்தாலும் இந்தத் தொல்லை வரும், ஒரு கம்பிக்கு ரப்பர் டியூப் மாட்டி இடைவெளியைக் குறைச்சுக்கலாம், ஆனா ரப்பர் மாட்டுனா பின்னாடி கவையை உருவும்போது கஷ்டம், அதை அந்த இடத்துல சொல்றேன்.

சுருள் புனல் மாதிரி ஒரு பக்கமா பிதுங்கிட்டுப் போகுது

பாயை அவசரமா சுருட்டுனா ஒரு முனை மட்டும் நீட்டிக்கிட்டு வருமே, அதேதான். மூணு காரணம் இருக்கு, மூணும் சேந்தும் வரலாம்.

ஒண்ணு, ஹோஸ் நேரா கெடக்கல. 15 மீட்டரை மடிச்சா ஏழரை மீட்டர், அந்த ஏழரை மீட்டரும் கவைக்கு நேர் எதிரா நேர்கோட்டுல கெடக்கணும். கண்ணுக்கு நேரா தெரிஞ்சாலும் பத்தாது, மடிப்புக்குப் பின்னாடி ஒருத்தர் ஒக்காந்து துப்பாக்கி குறி பாக்குற மாதிரி ஒரு கண்ணை மூடிப் பாத்தா வளைவு தெரிஞ்சிடும். ஹோஸ்ல முறுக்கு இருக்கான்னும் பாருங்க, பெரும்பாலான ஹோஸ்ல நீளவாக்குல ஒரு கோடோ எழுத்தோ ஓடும், அது பாதியில அடிப்பக்கம் போயிட்டா அங்க ஒரு முறுக்கு இருக்கு.

ரெண்டு, மெஷினைப் பிடிக்கிற கோணம். ஹோஸுக்கு கவை சரியா குறுக்கா இருக்கணும், ஆனா சுருள் பெருசாகப் பெருசாக கனம் ஏறி மெஷின் மூக்கு கீழ சாயும், நாம அறியாமலே மணிக்கட்டு சாஞ்சிடும், அப்ப ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்தை விட 3 மில்லி 4 மில்லி நகர்ந்து உக்காரும், 12 சுத்துல அது நாலு சென்டிமீட்டருக்கு மேல ஆயிடும், அதான் புனல். இதுக்கு சரியான மருந்து ஸ்டாண்டுதான். ரெண்டு காலு வச்ச ஒரு சட்டம், அதுல ரெண்டு பேரிங், தண்டு அதுல படுத்துக்கும், கவையோட மறுமுனைக்கும் ஒரு தாங்கல், மெஷின் பின்னாடி இருந்து சுத்த மட்டும் செய்யும், கனத்தைத் தாங்காது. காஞ்ச ஹோஸே வகையைப் பொறுத்து நல்ல கனம் வரும், அத்தனையும் மெஷின் மூக்குல தொங்குறதுக்கு அது செஞ்ச சாமான் இல்ல.

மூணு, பக்கத் தடுப்பு இல்ல. கவையோட மெஷின் பக்க முனையில 35 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு வட்டப் பலகை வச்சா சுருள் அந்தப் பக்கம் சாய முடியாது, மறுபக்கம் உதவிக்கு நிக்கிறவர் கையால தட்டித் தட்டி நேராக்கிடலாம். ஏற்கனவே புனலாப் போயிடுச்சா, லேசான புனல்னா சுருளைத் தரையில படுக்கப் போட்டு மேட்டுப் பக்கத்தைக் காலால மெதுவா மிதிச்சா உக்காந்துரும். பாதிக்கு மேல பிதுங்கியிருந்தா மிதிச்சு சரி பண்ணப் பாக்காதீங்க, பிரிச்சுட்டு திரும்ப சுத்துங்க, பிரிக்க அரை நிமிஷம் ஆகாது.

மேல் அடுக்கு மட்டும் தளந்து திமில் மாதிரி எழும்புது

எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்த கோளாறு இதுதான், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். மடிச்சுப் போட்ட ஹோஸ்ல ரெண்டு அடுக்கு இருக்கு. சுருள்ல ஒரு அடுக்கு உள்பக்கமா வருது, இன்னொண்ணு அதுக்கு வெளியில வருது. வெளி அடுக்கு ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் பெரிய வட்டம் போடணும். ஒரு அடுக்கு 6 மில்லி தடிமன்னு வச்சுக்கங்க, ஒரு சுத்துக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட 38 மில்லி, மொத்தம் 12 சுத்து, கூட்டிப் பாத்தா 45 சென்டிமீட்டர். அந்த 45 சென்டிமீட்டர் எங்கயாவது போயாகணும், போக வழி இல்லாம உள் அடுக்கு சுருளுக்கு முன்னாடி திமிலா எழும்புது. ஆக இது மெஷின் கோளாறும் இல்ல, உங்க கைக்கோளாறும் இல்ல, கையால சுருட்டுறப்பவும் இது வரும், ஆனா மெதுவா வர்றதால நாம பாத்துப் பாத்து இழுத்து விட்டுருவோம், மெஷின் அதுக்கு நேரம் தராது.

சரி பண்ண, ஒருத்தர் கப்ளிங் பக்கமா ஒரு மீட்டர் தள்ளி நின்னு மேல் அடுக்கைப் பின்னாடி இழுத்துக்கிட்டே வரணும், பலமா இல்ல, திமில் எழும்பாத அளவுக்கு. மூணு நாலு சுத்துக்கு ஒருதடவை ட்ரிக்கரை விட்டுட்டு இழுத்தாலும் சரிதான்.

ஸ்டாண்டுல சுத்துறவங்க ஒண்ணு கவனிங்க. ஹோஸ் கவைக்கு அடிப்பக்கமா நுழையுற மாதிரி சுத்துனா மேல் அடுக்கு உள்ள போகும், தளர்ச்சி மேல தெரியும், இழுத்து விடலாம். மெஷின் எதிர்த் திசையில ஓடி ஹோஸ் கவைக்கு மேல்பக்கமா நுழைஞ்சா எல்லாம் தலைகீழா ஆயிடும், அடி அடுக்குதான் தளரும், அது தரையோட கெடக்குறதால கண்ணுக்கே தெரியாது, சுருள் ஏன் மேடுபள்ளமா வருதுன்னு மண்டையப் பிச்சுக்குவீங்க. அதனால திசை ஸ்விட்ச்ச ஒரு அரைச் சுத்து ஓட்டிப் பாத்து முடிவு பண்ணுங்க.

ரெண்டு கப்ளிங்கும் ஒரே எடத்துல வந்து முட்டிக்குது, இல்ல ஒண்ணு தரையில இழுபடுது

மடிப்பை நட்டநடுவுல போட்டிருப்பீங்க. மரை வச்ச கப்ளிங்னா ஆண் கப்ளிங் (மரை வெளிப்பக்கம் இருக்கிறது) உள்ள அடங்கி பெண் கப்ளிங் அதுக்கு மேல வந்து மூடணும், மரை அடிபடாம இருக்கிறதுக்காக. அதுக்கு மடிப்பை நடுவுல இருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆண் பக்கமா தள்ளிப் போடணும், ஆண் பக்கம் மேல் அடுக்கா இருக்கணும். ஸ்டோர்ஸ் கப்ளிங் வச்சவங்களுக்கு இந்தக் கவலையே கெடையாது, ரெண்டு முனையும் ஒண்ணுபோல இருக்கிற மாதிரி 1882லயே யோசிச்சு, அப்புறம் காப்புரிமையும் வாங்கிட்டாரு கீடோ ஸ்டோர்ஸ், ஆணும் இல்ல பெண்ணும் இல்ல. இருந்தாலும் கப்ளிங் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டாம கொஞ்சம் தள்ளி உக்காரணும்கிறதால அங்கயும் அரை மீட்டர் தள்ளிப் போடுறது நல்லது.

தூக்குனதும் சுருள் நடுவுல இருந்து தொபுக்குன்னு விழுது

இறுக்கம் பத்தல. மெஷின் சுத்தத்தான் செய்யும், இறுக்கம் எதிர்ப்பக்கம் பிடிக்கிறவர் கையில இருந்து வரணும். ஆள் இல்லைன்னா ஹோஸ் மேல ஒரு பலகையைப் போட்டு அது மேல கால் வச்சுக்கிட்டா அந்த உராய்வே போதும். கையால பிடிக்கிறவங்க தோல் கையுறை போடலாம், ஆனா கவையில இருந்து ஒரு மீட்டருக்குள்ள வரவே கூடாது. மெஷின் பிடிக்கிற ஆளு தொளதொள கையுறை போடக் கூடாது, கவை சுத்துறப்ப கையுறை நுனி மாட்டுச்சுன்னா விரலோட இழுத்துக்கிட்டுப் போகும். தொங்குற பட்டை, கழுத்துல துண்டு, விசில் கயிறு, எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு வாங்க.

ரொம்ப இறுக்கவும் வேணாம். கல்லு மாதிரி இறுக்குனா பாக்க அழகா இருக்கும், ஆனா மடிப்புல உள்பக்க ரப்பர் நசுங்கி நாளாக ஆக அங்கயே விரிசல் விடும். கட்டை விரலால அடுக்கை அமுக்குனா லேசா உள்ள போகணும், அவ்வளவு போதும்.

சுத்தி முடிச்சாச்சு, கவை வெளிய வர மாட்டேங்குது

மெஷினைப் பிடிச்சு ஆட்டி ஆட்டி இழுக்காதீங்க, சக் கழண்டுரும். ட்ரிக்கரை லேசா தொட்டு எதிர்த் திசையில கால் சுத்து, மிஞ்சிப் போனா அரைச் சுத்து, அப்ப நடு அடுக்கு கொஞ்சம் தளரும், சுருளை ரெண்டு கையால பிடிச்சு நேரா வெளிய தள்ளுனா வந்துரும். ஒவ்வொரு தடவையும் இப்படின்னா கம்பியைப் பாருங்க, வெல்டிங் பொறி ஒட்டியிருக்கும், துரு பிடிச்சிருக்கும், முனை மழுங்காம விளிம்போட இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேச்சு வழவழன்னு ஆக்குங்க, முனைப் பக்கம் ஒரு நூல் அளவு ஒல்லியா இருந்தா இன்னும் நல்லது. ரெண்டு கம்பியும் முனையில விரிஞ்சு போயிருந்தா எந்த ஜென்மத்துலயும் வராது, அடிச்சு நேராக்குங்க. மொதல்ல ரப்பர் டியூப் மாட்டியிருந்தீங்கன்னா அதைக் கழட்டுங்க, இங்கதான் அது வம்பு பண்ணும்.

கடைசி சுத்துல கப்ளிங் சாட்டை மாதிரி வீசுது, மெஷின் கையை முறுக்குது

இதை மட்டும் தயவுசெஞ்சு வேகமா படிச்சுட்டுப் போயிடாதீங்க. மேல 12 சுத்துன்னு சொன்னேன் இல்லையா, அது தோராயமா உண்மைக் கணக்கு, 15 மீட்டர் ஹோஸை மடிச்சு சுருட்டுனா முடிவுல சுருள் 34 சென்டிமீட்டர் அகலம் வரும், நடுவுல இருந்து அதுவரைக்கும் மொத்தமே 12 சுத்துதான். நிமிஷத்துக்கு 60 சுத்து வேகத்துல ஓட்டுனா 12 செகண்டுல முடிஞ்சிடும். 1ம் கியர்ல மெஷின் முழுசா அமுக்குனா நிமிஷத்துக்கு 400 சுத்துக்கு மேலயே போகும், 12 சுத்துக்கு 400 எதுக்கு சொல்லுங்க? ஆரம்பத்துல சுருள் சின்னதா இருக்கும்போது ஹோஸ் மெதுவா வரும், அந்த தைரியத்துல ட்ரிக்கரை முழுசா அமுக்கிடுவோம், சுருள் பெருசாகப் பெருசாக அதே சுத்துக்கு ஹோஸ் அஞ்சாறு மடங்கு வேகமா வரும். 60 சுத்துன்னா கடைசியில ஹோஸ் செகண்டுக்கு ஒரு மீட்டர், நடக்குற வேகம். 400 சுத்துன்னா செகண்டுக்கு 7 மீட்டர், அது மணிக்கு 25 கிலோமீட்டர், அந்த வேகத்துல ஒரு கன்மெட்டல் கப்ளிங் தரையில துள்ளித் துள்ளி வந்து உங்க முழங்கால் எலும்புல மோதும். எங்க குழுவுல ஒருத்தருக்கு மோதுச்சு, எலும்பு தப்பிச்சுது, ஆனா மூணு வாரம் நொண்டுனாரு, ட்ரிக்கர்ல இருந்தது என் விரல்.

கப்ளிங் எங்கயாவது மாட்டிக்கிட்டா இன்னொரு விதமான ஆபத்து, ஹோஸ் நின்னுடும் மெஷின் நிக்காது, அப்ப கவைக்குப் பதிலா மெஷினே சுத்தப் பாக்கும். 18 வோல்ட் மெஷின்ல 60 நியூட்டன் மீட்டர் இழுவை சாதாரணம், பிடியில 20 சென்டிமீட்டர் தள்ளி உங்க கை இருந்தா அந்தக் கையில 30 கிலோ கனம் திடீர்னு விழுற மாதிரி. மணிக்கட்டு என்ன பண்ணும், போகும்.

அதனால கிளட்ச் வளையத்தை ட்ரில் படத்துல வைக்காம நம்பர்ல வைங்க, பாதி நம்பர்ல ஆரம்பிச்சு, காஞ்ச ஹோஸ் ஒழுங்கா சுத்துற அளவுக்கு மட்டும் ஏத்துங்க, ஹோஸ் மாட்டிக்கிட்டா டர்ருன்னு சத்தம் போட்டு வழுக்கி விடணும். சைடு ஹேண்டில் இல்லாம தொடவே தொடாதீங்க. ட்ரிக்கர் லாக் பட்டன் இருக்கிற மெஷின்னா அதை மறந்துடுங்க, விரலை எடுத்தா மெஷின் நிக்கணும். கப்ளிங் ஒன்றரை மீட்டர் தூரத்துல வந்ததும் மெஷினை நிறுத்திடுங்க, கடைசி ஒண்ணு ஒன்றரை சுத்தைக் கையால திருப்பி முடிங்க, அதுக்கு மூணு செகண்ட் ஆகும். எங்க ஹோஸ்ல எல்லாம் ரெண்டு முனையில இருந்தும் ஒன்றரை மீட்டர்ல வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கோம், எந்தக் கோடு மொதல்ல கண்ணுல பட்டாலும் விரல் எடுக்கணும், புதுசா வர்ற பசங்களுக்கு மொதல்ல சொல்லித் தர்றதே அதைத்தான்.

சக்குல தண்டு வழுக்குது, சக் ஆடுது, ரிவர்ஸ்ல சக் கழண்டு வருது

வழுக்குதுன்னா தண்டு உருண்டையா இருக்கும். சக்குல மூணு தாடை, ஆறுபட்டை தண்டுன்னா மூணு தாடையும் மூணு பட்டையில உக்காந்துக்கும், உருண்டை தண்டுல வெறும் இறுக்கத்தை மட்டும் நம்பணும். புதுத் தண்டு கெடைக்கலைன்னா இருக்கிற உருண்டை தண்டுலயே அரம் போட்டு மூணு பக்கம் தட்டை பண்ணிக்கலாம், மூணும் சம தூரத்துல இருக்கணும்.

ரிவர்ஸ்ல கழண்டு வருதுன்னா சக்கை முழுசா திறந்து உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, நிறைய மெஷின்ல நடுவுல ஒரு ஸ்க்ரூ இருக்கும், அது இடது மரை, அதாவது இறுக்குறதுக்கு வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா திருப்பணும், இது தெரியாம கழட்டி விட்டவங்கதான் அதிகம். சக் ஆடுதுன்னா, கவையைக் கழட்டிட்டு வெறும் சக்கைக் கையால ஆட்டிப் பாருங்க, அப்பவும் ஆடுனா உள்ள பேரிங் போச்சு, கனத்தைத் தொங்க விட்டு ஓட்டுனதோட பலன், இனிமேலாவது ஸ்டாண்டு. சக் ஆடாம கவை மட்டும் ஆடுனா தண்டு வளைஞ்சிருக்கு, இல்ல வெல்டிங் விரிசல் விட்டிருக்கு. விரிஞ்ச வெல்டிங்கோட ஒரு ஹோஸ்கூட சுத்தாதீங்க.

ட்ரிக்கர் அமுக்குனா ஒண்ணுமே நடக்கல

திசை ஸ்விட்ச் நடுவுல நிக்கும், அது பூட்டு. தள்ளுங்க. அதுவும் இல்லைன்னா பேட்டரி சரியா க்ளிக் ஆகல, இல்ல ரொம்ப முக்கி சூடாகி தானே நிறுத்திக்கிச்சு, பத்து நிமிஷம் நெழல்ல வைங்க. பேட்டரி மாட்டுற இடத்துல ஈரம் இருந்தா தொடச்சுட்டு மாட்டுங்க.

அடுத்த தடவை பிரிச்சா உள்ள மண்ணு, நாத்தம், ஒரே இடத்துல மடிப்புத் தழும்பு

மெஷினுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்னு கேப்பீங்க, சம்மந்தம் இருக்கு. கையால சுருட்டுறப்ப ஹோஸ் தரையில கெடக்கும், நாமதான் நகர்ந்து போவோம். ஸ்டாண்டுல சுத்துனா ஹோஸ் தரையில தேஞ்சுக்கிட்டே வரும், ஈர ஹோஸ் மண்ணையும் பொடிக்கல்லையும் ஒட்ட வச்சுக்கிட்டு வந்து அடுக்குக்கு நடுவுல வச்சு இறுக்கிடும், அது உள்ள இருந்து துணியை அரம் மாதிரி தேய்க்கும். ஸ்டாண்டுக்கு முன்னாடி ரெண்டு பிரஷ்ஷை எதிரெதிரா வச்சுக் கட்டி அதுக்கு நடுவுல ஹோஸை விட்டோம்னா முக்காவாசி மண்ணு அங்கயே கொட்டிடும், உராய்வும் கெடைக்குது, இறுக்கத்துக்கு பலகை தேவைப்படல. தரை மோசமா இருந்தா ஸ்டாண்டை விட்டுட்டு மெஷினைக் கையில பிடிச்சுக்கிட்டு ஹோஸ் மேலயே உருட்டிக்கிட்டுப் போறது மேல், இடுப்பு குனியணும், சின்ன ஹோஸுக்கு மட்டும் அது சரி.

நாத்தம் வருதுன்னா காயாம சுத்திட்டீங்க. பருத்தி ஹோஸ்ல பூஞ்சை பிடிக்கும், பாலியஸ்டர்ல துணிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா வெளியில ஈரத்தோட மண்ணும் உள்ள தேங்குன தண்ணியுமா சேந்து நாறத்தான் செய்யும். பயிற்சி எடத்துல இருந்து தூக்கிட்டுப் போறதுக்காக ஈரத்தோட சுத்துறது வேற, அலமாரியில வைக்கச் சுத்துறது வேற. மொதல்ல சொன்னதுக்கு தளர்வா சுத்துங்க, எடத்துக்குப் போனதும் பிரிச்சுக் காயப் போட்டு திரும்ப சுத்துங்க, ரெண்டு தடவை வேலைன்னு யாராவது முணுமுணுத்தா 12 செகண்ட் கணக்கைச் சொல்லுங்க.

மடிப்புத் தழும்புக்கு வழி ஒண்ணுதான், ஒவ்வொரு தடவையும் மடிப்பை ஒரு சாண் தள்ளிப் போடணும். இதை ஞாபகம் வச்சுக்க முடியாதுன்னு நாங்க மடிச்ச இடத்துல சாக்பீஸால ஒரு குறுக்குக் கோடு போட்டுருவோம், அடுத்த தடவை சுத்துற ஆளு அந்தக் கோட்டைப் பாத்துட்டு அதுக்குப் பக்கத்துல மடிப்பாரு, கோடு அழிஞ்சு போச்சுன்னா கையால தடவிப் பாத்தா போதும், போன தடவை மடிச்ச எடம் விரலுக்கு வெறப்பா தெரியும்.